லிங்கனின் மனச்சோர்வும் மளிகைக் கடை சிநேகிதரும்

ஆபிரகாம் லிங்கனை அறியாதவர்கள் இல்லை. மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர். அமெரிக்க ஜனாதிபதியாக உயர்ந்தவர். அடிமை முறையை ஒழித்தவர். துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இவ்வளவும் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. லிங்கன் இளமையிலிருந்தே மனச்சோர்வால் அவதிப்பட்டவர். அது வரும், போகும், மறுபடியும் வரும். இரண்டு தடவை அவர் உயிருக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்து, பக்கத்தில் இருந்தவர்கள் காவல் காத்தார்கள்.

அப்படிப்பட்டவர் எப்படி ஒரு பெரிய தேசத்தை, அதுவும் உள்நாட்டுப் போரின் நடுவே, நடத்திச் சென்றார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நாம் ஒரு மளிகைக் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கடையின் பங்குதாரர், ஜோஷுவா ஸ்பீடு என்ற வாலிபர். அவரும் அதே நோயை அனுபவித்தவர்.

குடிசையில் தொடங்கிய துயரம்

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி கெண்டகி மாநிலத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் லிங்கன் விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். தாயார் நான்சி. தம்பி ஒருவன் பிறந்து, கைக்குழந்தையாகவே இறந்துபோனான்.

1816-ல் குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காட்டை வெட்டி நிலமாக்கி வாழ்ந்தார்கள். 1818-ல் அந்த வட்டாரத்தில் ஒரு விசித்திரமான நோய் பரவியது. விஷச் செடியைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்தவர்களுக்கு வந்த நோய் அது. அதில் தாயார் இறந்தார். அப்பொழுது லிங்கனுக்கு வயது 9.

மறு வருடம் தந்தை இன்னொரு திருமணம் செய்துகொண்டார். வந்த சிற்றன்னை சாரா, லிங்கனைத் தன் பிள்ளையைப் போலவே வளர்த்தார். படிக்க உற்சாகப்படுத்தினார். ஆனால் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு வருடம் தேறாது. 1828-ல் உடன்பிறந்த அக்காளும் பிரசவத்தில் இறந்துவிட்டார். இப்படி, 19 வயது முடிவதற்குள் தாயையும் உடன்பிறந்தவர்கள் இருவரையும் மரணம் கொண்டுபோயிற்று.

பிழைக்க வந்த ஊர்

1831-ல் லிங்கன் தந்தையை விட்டுப் பிரிந்து, இலினாய்ஸ் மாநிலத்தில் நியூசேலம் என்ற சிறிய கிராமத்துக்கு வந்தார். தெரிந்தவர் யாரும் கிடையாது. கடையில் எடுபிடியாக வேலை பார்த்தார். கூட்டாகச் சொந்தக் கடை போட்டார். அது நொடித்துப்போய், கடன் தலையில் விழுந்தது. தபால் அதிகாரியாக இருந்தார். நிலம் அளக்கும் சர்வேயர் வேலையும் பார்த்தார்.

கடனுக்காக அவருடைய குதிரையும் அளவைக் கருவிகளும் ஏலத்துக்கு வந்தன. ஒரு சிநேகிதர் அவற்றை ஏலத்தில் எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கடன்களைத் தீர்க்க லிங்கனுக்குப் பல வருடங்கள் ஆயின. ஒருவர் பாக்கியைக்கூட அவர் மறுக்கவில்லை.

1834-ல் மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வக்கீல் தொழிலுக்காகச் சட்டப் புத்தகங்களைத் தானே படிக்கத் தொடங்கினார். நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தபொழுது முதல் அடி விழுந்தது.

நியூசேலத்தில் ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண் இருந்தார். லிங்கன் அவரிடம் அன்பு கொண்டிருந்தார் என்று ஊரார் பலர் பின்னாளில் கூறினார்கள். 1835 ஆகஸ்டு 25-ந்தேதி அந்தப் பெண் காய்ச்சலில் இறந்தார். லிங்கன் நிலைகுலைந்து போனார். மழை பெய்தால், அவள் சமாதியின் மேல் நீர் விழுகிறதே என்று கலங்கினார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காட்டில் தனியே சுற்றினார்.

ஊரார் பயந்துவிட்டார்கள். அவரைத் தனியே விடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பவுலிங் கிரீன் என்ற உள்ளூர் நீதிபதியும் அவர் மனைவியும் லிங்கனைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மெல்ல மெல்லத் தெளிவு வந்தது. மனச்சோர்வு அவரைப் பிடித்து ஆட்டிய முதல் தடவை இது.

17 டாலர் படுக்கை

1837 ஏப்ரல் 15-ந்தேதி லிங்கன் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக்கு வந்து சேர்ந்தார். வயது 28. வந்தது இரவல் குதிரையில். சொத்து என்று இருந்தவை, சேணத்தில் தொங்கிய இரண்டு பைகள். அவற்றில் சில சட்டப் புத்தகங்களும் துணிமணிகளும் இருந்தன.

நகரச் சதுக்கத்தில் இருந்த ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தார். படுக்கைக்கு வேண்டிய மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் என்ன விலை ஆகும் என்று கேட்டார். கடைக்காரர் கணக்குப் போட்டு 17 டாலர் என்றார். அவ்வளவு பணம் லிங்கனிடம் இல்லை. கிறிஸ்துமஸ் வரை கடன் தரமுடியுமா, வக்கீல் தொழில் நடந்தால் கொடுத்துவிடுகிறேன், நடக்காவிட்டால் எப்பொழுது தரமுடியும் என்று சொல்வதற்கில்லை என்றார். அந்தக் குரலில் இருந்த சோகம் கடைக்காரரை உலுக்கிவிட்டது. இவ்வளவு வாட்டமான முகத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

அந்தக் கடைக்காரர்தான் ஜோஷுவா ஸ்பீடு. 1814-ல் பிறந்தவர், வயது 22. கெண்டகியில் பெரிய பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. சொந்தமாகத் தொழில் செய்ய ஊரை விட்டு வந்தவர்.

ஸ்பீடு ஒரு யோசனை சொன்னார். கடைக்கு மேலே மாடியில் தன் அறையில் பெரிய கட்டில் இருக்கிறது, அதிலேயே பங்கு போட்டுக்கொள்ளலாம், கடன் எதற்கு என்றார். அந்தக் காலத்தில் இடவசதி இல்லாத ஊர்களில் ஆண்கள் ஒரே கட்டிலில் படுப்பது வழக்கம்தான். லிங்கன் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். பைகளை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். குடிவந்தாயிற்று என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

மும்பையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, ஊர்க்காரர் அறையில் பாய் விரித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல.

அந்த மாடியில் ஏறக்குறைய 4 வருடங்கள் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். கடையில் குமாஸ்தாவாக இருந்த வில்லியம் ஹெர்ண்டனும் அதே அறையில் படுத்தார். பிற்காலத்தில் லிங்கனின் வக்கீல் கூட்டாளியாக இருந்து, அவர் வாழ்க்கையை எழுதியவர் இவர்தான். இரவு கடை மூடிய பிறகு, கணப்பைச் சுற்றி வாலிபர்கள் கூடுவார்கள். அரசியல் பேசுவார்கள். கதை சொல்வார்கள். லிங்கன் சொல்லும் வேடிக்கைக் கதைகளைக் கேட்கவே கூட்டம் வரும்.

எல்லோரையும் சிரிக்க வைத்தவர், எல்லோரும் போன பிறகு மௌனமாகிவிடுவார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஸ்பீடு.

இருண்ட ஜனவரி

1840-ம் ஆண்டின் முடிவில் எல்லாத் துன்பமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

ரயில் பாதைகளும் கால்வாய்களும் அமைக்க இலினாய்ஸ் அரசாங்கம் பெருந்தொகை கடன் வாங்கியிருந்தது. அந்தத் திட்டத்துக்காகச் சட்டசபையில் வாதாடியவர்களில் லிங்கன் முக்கியமானவர். நாட்டில் பணமுடை ஏற்பட்டதால் திட்டம் நொறுங்கியது. மாநிலம் கடனில் மூழ்கியது. பழி லிங்கன் மேலும் விழுந்தது.

மேரி டாட் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அது முறிந்துபோயிற்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லையே என்ற குற்ற உணர்ச்சி அவரைத் தின்றது. அதே சமயத்தில், 1841 ஜனவரி 1-ந்தேதி, ஸ்பீடு கடையில் தன் பங்கை விற்றுவிட்டார். முந்தின வருடம் தந்தை காலமாகிவிட்டதால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாடி அறையும் போகப்போகிறது, சிநேகிதரும் போகப்போகிறார்.

லிங்கன் படுக்கையில் விழுந்தார். சட்டசபைக்குப் பல நாட்கள் போகவில்லை. உடம்பு துரும்பாக இளைத்தது. பேச்சு முணுமுணுப்பாகிவிட்டது. ஸ்பீடு அறையிலிருந்த சவரக் கத்திகளையும் மற்றக் கத்திகளையும் எடுத்து மறைத்து வைத்தார். பக்கத்திலேயே இருந்தார்.

அந்த நாட்களில் லிங்கன் இரண்டு காரியங்களைச் செய்தார். இரண்டும் கவனிக்கத்தக்கவை.

ஒன்று, வைத்தியரிடம் போனார். ஆன்சன் ஹென்றி என்ற டாக்டர் அவருக்குச் சிகிச்சை அளித்தார். அந்த டாக்டர் ஊரை விட்டுப் போய்விடுவாரோ என்று லிங்கன் பயந்தார். அவருக்கு ஸ்பிரிங்பீல்டு தபால் அதிகாரி உத்தியோகம் வாங்கிக் கொடுங்கள், அவர் இங்கே இருந்தால்தான் நான் பிழைப்பேன் என்ற கருத்தில், வாஷிங்டனில் இருந்த தன் வக்கீல் கூட்டாளி ஸ்டூவர்ட்டுக்குக் கடிதம் எழுதினார்.

இரண்டாவது, தன் நிலைமையை மறைக்கவில்லை. அதே கூட்டாளிக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், தன்னைவிடத் துயரப்பட்டவன் உயிரோடு இருக்கமாட்டான், இது தீருமா என்றும் தெரியவில்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினார். அரசியலில் இருக்கும் ஒருவர் இப்படி எழுதுவது அன்றும் சுலபம் அல்ல, இன்றும் சுலபம் அல்ல.

ஸ்பீடு மனம் விட்டுப் பேசினார். நீ இந்தச் சோர்விலிருந்து எழாவிட்டால் செத்துப்போவாய் என்றார். சாவதற்குப் பயம் இல்லை என்று லிங்கன் பதில் சொன்னார். ஆனால் தான் வாழ்ந்தான் என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி இன்னும் எதுவும் செய்யவில்லையே, அதைச் செய்வதற்காகத்தான் வாழ விரும்புவதாகவும் கூறினார். இந்தப் பேச்சை இருவருமே மறக்கவில்லை.

கெண்டகியில் சில வாரங்கள்

ஸ்பீடு ஊருக்குப் போன பிறகும் சிநேகிதரை விட்டுவிடவில்லை. தன் வீட்டுக்கு அழைத்தார். 1841 ஆகஸ்டில் லிங்கன், லூயிவில் நகருக்கு அருகில் இருந்த ஸ்பீடு குடும்பத்துப் பண்ணைக்குப் போனார். சில வாரங்கள் தங்கினார். நெடுந்தூரம் நடந்தார். ஸ்பீடின் அண்ணன் ஜேம்ஸ் வக்கீல். அவரிடம் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தார். வாடிய முகத்தைப் பார்த்த ஸ்பீடின் தாயார், ஒரு பைபிளைப் பரிசாகக் கொடுத்தார். பெற்ற தாயை 9 வயதில் இழந்தவருக்கு அந்த அன்பு பெரிதாக இருந்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பண்ணையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பு அடிமைகள் வேலை செய்தார்கள். லிங்கனுக்கு ஆறுதல் தந்த வீடு, மற்றவர்களின் அடிமை உழைப்பில் நடந்த வீடு.

திரும்பும்பொழுது ஸ்பீடும் கூடவே வந்தார். நீராவிப் படகில் 12 அடிமைகளைச் சங்கிலியால் பிணைத்து, தெற்கே விற்பனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காட்சி தன்னை விடாமல் வதைப்பதாக 1855-ல் ஸ்பீடுக்கே லிங்கன் எழுதினார். அடிமை முறை விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. சிநேகிதம் முறியவில்லை.

நோயாளியே வைத்தியர் ஆனார்

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம்.

பேனி ஹென்னிங் என்ற பெண்ணுக்கும் ஸ்பீடுக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. உடனே ஸ்பீடுக்கு மனம் குலைந்தது. தான் அந்தப் பெண்ணை உண்மையில் நேசிக்கிறேனா, இல்லையா என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. தூக்கம் போயிற்று. எதிர்காலம் இருண்டு தெரிந்தது. ஒரு வருடத்துக்கு முன் லிங்கன் பட்ட பாட்டை இப்பொழுது ஸ்பீடு பட்டார்.

1842 ஜனவரியில் ஸ்பீடு ஊருக்குப் புறப்படும் சமயத்தில், லிங்கன் ஒரு நீண்ட கடிதம் எழுதிக் கொடுத்தார். உனக்கு மனச்சோர்வு வரப்போகிறது, வந்தால் பயந்துவிடாதே, இவைதான் காரணம் என்று வரிசைப்படுத்தினார். பிறவியிலேயே நரம்புத் தளர்ச்சி உள்ள சுபாவம் முதற்காரணம். அதோடு பயணத்தில் மோசமான வானிலை, கையில் வேலை இல்லாமை, பேச சிநேகிதர் இல்லாமை, நெருங்கி வரும் திருமண நாள் இவையும் சேர்ந்துகொள்ளும் என்று எழுதினார். வக்கீல் அல்லவா? சாட்சியங்களை அடுக்குவதுபோல அடுக்கினார்.

இதில் நுட்பமான பயன் ஒன்று இருக்கிறது. சோர்வு வரும்பொழுது, அது சோர்வு என்று மனத்துக்குத் தெரிவதில்லை. உலகமே இருண்டுவிட்டது என்றுதான் தோன்றும். முன்கூட்டியே ஒருவர் சொல்லி வைத்திருந்தால், இது நோய் பேசும் பேச்சு என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அதைச் சொல்லக்கூடியவர் அந்த வழியில் நடந்து வந்தவர்தான்.

பிப்ரவரி தொடக்கத்தில், மணப்பெண்ணுக்கு உடல்நலம் இல்லை என்று ஸ்பீடு கவலையோடு எழுதினார். லிங்கன் அதையே மருந்தாக மாற்றினார். அவள் உயிருக்காக இவ்வளவு துடிக்கிறாயே, நேசிக்காதவன் துடிப்பானா என்று கேட்டு எழுதினார். சும்மா இருக்காதே, ஏதாவது வேலையில் ஈடுபடு, சோர்வு வந்தாலும் அது நிலைக்காது என்றும் யோசனை சொன்னார்.

பிப்ரவரி 15-ந்தேதி ஸ்பீடுக்குத் திருமணம் நடந்தது. அதற்குப் பின் வந்த கடிதத்தை லிங்கன் பதற்றத்தோடு பிரித்தார். நல்ல செய்திதான் இருந்தது. ஆனாலும் 10 மணி நேரம் ஆகியும் தன் படபடப்பு அடங்கவில்லை என்று பதில் எழுதினார். சிநேகிதரின் கலக்கத்தை அவ்வளவு தன்னுடையதாக நினைத்தார்.

அக்டோபர் 5-ந்தேதி லிங்கன் ஒரு கேள்வி கேட்டு எழுதினார். திருமணம் செய்துகொண்டதில் அறிவால் மட்டும் அல்லாமல், உள்ளத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறாயா, உடனே பதில் எழுது என்றார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேரி டாட்டோடு அவருக்கு மறுபடியும் பேச்சு ஏற்பட்டிருந்தது. நவம்பர் 4-ந்தேதி லிங்கன்-மேரி திருமணம் நடந்தது. 1841-ல் ஸ்பீடு லிங்கனைத் தாங்கினார். 1842-ல் லிங்கன் ஸ்பீடைத் தாங்கினார். ஸ்பீடு எடுத்து வைத்த அடியைப் பார்த்து லிங்கனும் அடி எடுத்து வைத்தார்.

குடிகாரர்கள் கற்றுத்தந்த பாடம்

ஸ்பீடின் திருமணம் முடிந்த ஒரே வாரத்தில், 1842 பிப்ரவரி 22-ந்தேதி, லிங்கன் ஸ்பிரிங்பீல்டில் ஒரு மதுவிலக்குக் கூட்டத்தில் பேசினார். கூட்டத்தை நடத்தியது வாஷிங்டன் சங்கம். 1840-ல் பால்டிமோர் நகரத்தில் 6 குடிகாரர்கள் சேர்ந்து, இனிக் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்துத் தொடங்கிய இயக்கம் அது. தாங்கள் பட்ட பாட்டைத் தாங்களே மேடையில் சொல்லி, மற்றக் குடிகாரர்களை மீட்பது அவர்கள் வழி.

அதுவரை மதுவிலக்குப் பிரசாரம் செய்தவர்கள் குடிகாரனைப் பாவி என்று திட்டினார்கள். அதனால் பலன் இல்லை என்றார் லிங்கன். அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவனே, விழுந்து கிடப்பவனைத் தூக்கிவிட ஏற்றவன். கண்டிப்பவன் குரல் காதோடு நின்றுவிடும், தோழனின் குரல்தான் உள்ளே போகும். இதுதான் அவர் பேச்சின் சாரம்.

பேசியது மதுவைப் பற்றி. ஆனால் அந்த வாரத்தில் அவர் மனத்தில் ஸ்பீடும் இருந்திருக்க வேண்டும்.

நீடித்த நோய், நீடித்த வேலை

திருமணத்தோடு நோய் தீர்ந்துவிடவில்லை. கதைகளில்தான் அப்படி நடக்கும். வருடத்தில் பல மாதங்கள் லிங்கன் ஊர் ஊராகப் போய், கோர்ட்டு நடக்கும் இடங்களில் வாதாடினார். கூட வந்த வக்கீல்கள் விடுதிகளில் ஒரே அறையில் தங்குவார்கள். இரவில் அவர் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். விடியுமுன் கண் விழித்துப் பார்ப்பவர்களுக்கு, அவர் நெருப்பை வெறித்துப் பார்த்தபடி தனியே உட்கார்ந்திருப்பது தெரியும்.

அந்தக் காலத்து வைத்தியம் இதற்கு அதிகம் உதவவில்லை. பாதரசம் கலந்த மாத்திரைகளை லிங்கன் சாப்பிட்டு வந்தார். பாதரசம் விஷம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஜனாதிபதியான சில மாதங்களில், அது தன்னைச் சிடுசிடுப்பாக்குகிறது என்று அவரே கண்டு நிறுத்திவிட்டார்.

அடிகளும் ஓயவில்லை. 1850-ல் மூன்று வயது மகன் எடி இறந்தான். செனட் பதவிக்கு இரண்டு தடவை முயன்று தோற்றார். 1860-ல் ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி பெற்றார். 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஸ்பீடு பதவி எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கெண்டகி மாநிலம் பிரிந்து போகாமல் இருக்கப் பாடுபட்டார். அவர் அண்ணன் ஜேம்ஸ் 1864-ல் லிங்கனின் மந்திரிசபையில் அட்டார்னி ஜெனரல் ஆனார்.

1862 பிப்ரவரி 20-ந்தேதி, வெள்ளை மாளிகையில், 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்தான். கடைசி மகன் டாடும் காய்ச்சலில் படுத்திருந்தான். அவனைக் கவனிக்க ரெபக்கா பாம்ராய் என்ற ராணுவ நர்சு வந்தார். அவர் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த விதவை. மிச்சமிருந்த ஒரே மகனும் ராணுவத்தில் இருந்தான். நாட்டின் ஜனாதிபதி அந்த நர்சிடம் உட்கார்ந்து, இவ்வளவையும் எப்படித் தாங்கினீர்கள் என்று விவரமாகக் கேட்டார். தேறுதல் சொல்லப் பெரிய மனிதர்கள் பலர் வந்திருந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது, அதே துக்கத்தைக் கடந்து வந்த ஒருவரின் பதில்.

அதே வருடம் டிசம்பர் மாதம், போரில் வடக்குப் படை பெருந்தோல்வி அடைந்திருந்தது. லிங்கனுக்குத் தெரிந்த ஒரு கோர்ட்டு அதிகாரி போரில் மாண்டார். அவர் மகள் பேனி அறையைப் பூட்டிக்கொண்டு, சாப்பிடாமல் கிடப்பதாகச் செய்தி வந்தது. ஆயிரம் வேலைக்கு நடுவே, டிசம்பர் 23-ந்தேதி, லிங்கன் அந்தப் பெண்ணுக்குத் தன் கையால் கடிதம் எழுதினார். இனி மகிழ்ச்சியே இல்லை என்று இப்பொழுது தோன்றும், அது தவறு, காலம் போகப்போக மனம் தெளியும், அனுபவப்பட்டதால் எனக்குத் தெரியும் என்ற கருத்தில் எழுதினார். 20 வருடங்களுக்கு முன் ஸ்பீடுக்குச் சொன்ன அதே யோசனைதான்.

மறக்காத பேச்சு

1862-ல் ஸ்பீடு வாஷிங்டனுக்கு வந்திருந்தபொழுது, அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் நகலை லிங்கன் அவருக்குப் படித்துக் காட்டினார். வேண்டாம் என்று ஸ்பீடு தடுத்தார். தன் மாநிலம் கொந்தளிக்கும் என்று பயந்தார். லிங்கன் கேட்கவில்லை. 1841 குளிர்காலத்து மாடி அறைப் பேச்சை நினைவூட்டினார். யாரும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லையே என்று அன்று வருந்தினேனே, இந்தக் காரியத்தால் அந்த ஆசை நிறைவேறும் என்று நம்புகிறேன் என்றார்.

பிரகடனம் 1863 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது. ஸ்பீடு கடைப் பங்கை விற்ற அந்த இருண்ட ஜனவரி 1-ந்தேதி கழிந்து, சரியாக 22 வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை எதிர்த்த ஸ்பீடு, பின்னர் அது சரியான காரியமே என்று ஒப்புக்கொண்டார்.

1865 ஏப்ரல் 14-ந்தேதி இரவு நாடகக் கொட்டகையில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. வயது 56. ஸ்பீடு 1882 வரை வாழ்ந்தார். லிங்கன் எழுதிய கடிதங்களை அவர் பத்திரமாக வைத்திருந்ததால்தான், இந்த விஷயமெல்லாம் உலகத்துக்குத் தெரிய வந்தது.

நமக்கு என்ன?

ஊரையும் உறவையும் விட்டு வந்து, வேலை பார்த்து, மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த நோய் அந்நியம் அல்ல. வீட்டுக்குப் போன் செய்யும்பொழுது நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வோம். அறையில் இருப்பவன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால், சோம்பேறி என்று கேலி செய்வோம். கோவிலுக்குப் போ, கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்போம். அவன் என்ன நினைக்கிறான் என்று மட்டும் கேட்கமாட்டோம்.

ஸ்பீடு பெரிய அறிவாளி அல்ல. வைத்தியர் அல்ல. பக்கத்தில் இருந்தார். கேட்டார். கத்தியை மறைத்து வைத்தார். வைத்தியரைத் தடுக்கவில்லை. சோர்ந்தவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். தன் முறை வந்தபொழுது தானும் வெட்கப்படாமல் உதவி கேட்டார். இவ்வளவுதான் அவர் செய்தது.

லிங்கன் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று உண்டு. நல்ல மருந்துகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு, 14416 என்ற எண்ணில் எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணம் இல்லாமல் போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம்.

ஆனால் அந்த எண்ணைச் சுழற்றும்படி சொல்ல, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். அல்லது, சொல்லவேண்டியவர் அவராகவும், கேட்கவேண்டியவர் நீங்களாகவும் இருக்கலாம். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை. லிங்கன் இரண்டாகவும் இருந்தார்.